கணவாயும் கரும்பும்

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றைப் பொள்ளாச்சி, உடுமலை வட்டார விவசாயிகள் நன்கு அறிவார்கள். காற்றையும் சாரலையும் கொண்டுவரும் அதே கணவாய், உயிரினங்களைப் பிரித்தும் வைத்திருக்கிறது.

கணவாய்க்கு வடக்கே நீலகிரி. தெற்கே ஆனைமலையும் பழனி மலையும். இடையே சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் தாழ்நிலம். மலை உச்சியின் குளிர்ந்த சோலைகளில் வாழும் சிரிப்பான் என்னும் சிறு பறவை இந்த வெப்பமான தாழ்நிலத்தைக் கடப்பதில்லை. இருபுறமும் பிரிந்த கூட்டங்கள் தம்முள் இனம் சேராமலே பல லட்சம் ஆண்டுகள் கழிந்தன. தலைமுறைதோறும் ஏற்பட்ட சிறு மாறுதல்கள் அந்தந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டன. இன்று நீலகிரிச் சிரிப்பானின் அடிப்பாகம் செம்பழுப்பாகவும், பழனிச் சிரிப்பானின் நெஞ்சு சாம்பல் நிறமாகவும் உள்ளன. இரண்டும் தனித்தனி இனங்கள். ஓரிடத்தில் காணும் உயிரினம் மற்றோரிடத்தில் இல்லாததற்கு இத்தகைய பிரிவு ஒரு முக்கியக் காரணம்.

பறவை பிரிந்ததால் விவசாயிக்கு என்ன என்று கேட்கலாம். விடை கோவையிலேயே இருக்கிறது. செடியினங்களும் இவ்வாறே இடத்துக்கு இடம் வேறுபட்டு உருவாயின. தடித்து இனிக்கும் கரும்பினம் நியூகினித் தீவில் தோன்றியது. நம் ஆற்றோர நாணல் அதற்கு உறவினம். மெலிந்தது, இனிப்புக் குறைந்தது. ஆனால் வறட்சியையும் குளிரையும் தாங்கக்கூடியது. 1912-இல் கோவையில் தொடங்கப்பட்ட கரும்பு இனவிருத்தி நிலையத்தில் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் இவ்விரு இனங்களையும் இனக்கலப்பு செய்தனர். 1918-இல் வெளியான கோ 205 பஞ்சாப் உழவர்களுக்குப் பெரிதும் பயன்பட்டது. களை என்று நாணலை அடியோடு அழித்திருந்தால் அந்தக் கரும்பு ஏது?

வயலுக்குள் முளைக்கும் நாணலைக் களைய வேண்டியதுதான். ஆனால் வாய்க்கால் கரை, ஓடை ஓரம், மலையடிவார வேலி என்று எல்லா இடத்தையும் களைக்கொல்லி தெளித்தும் தீ வைத்தும் மொட்டையாக்குவது விவேகமாகாது. ஓரிடத்திற்கே உரிய இனம் அங்கே அழிந்துவிட்டால் அடுத்த மலையிலிருந்து அதைக் கொண்டுவர முடியாது. அங்கிருப்பது வேறு இனம். புதிய நோயோ வறட்சியோ வரும்போது, தேவையான குணம் எந்தச் செடியில் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் இயலாது.

ஆகவே, ஓடைக்கரையிலும் வேலியோரத்திலும் சில அடி அகலமாவது அவ்விடத்துச் செடிகளுக்கு விட்டுவைக்க விவசாயப் பெருமக்கள் முன்வர வேண்டும். பேரன் காலத்தில் பயிராகப்போகும் ரகத்தின் தாய்ச்செடி அங்கே நிற்கக்கூடும்.