பழைய டி.எஸ்.எல்.ஆரா, புது சூப்பர்ஜூமா? வீராணம் கரையில் எது கைகொடுக்கும்?

சேத்தியாத்தோப்பில் நின்றால் ஒரு பக்கம் வெள்ளாற்று அணைக்கட்டு, இன்னொரு பக்கம் வீராணம் ஏரி. முழுக் கொள்ளளவான 47.50 அடியை ஏரி நெருங்கும் மாதங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, ஆலா, உள்ளான் என்று பறவைகளுக்குப் பஞ்சமே இருக்காது. பிரச்னை ஒன்றுதான். எல்லாமே தூரத்தில் இருக்கும்.

முதல் கேமரா வாங்கும் இளைஞர்களுக்கு இங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். வாங்கி, அதற்கு ஒரு ஜூம் லென்ஸ் போடுவதா? இல்லை, லென்ஸ் மாற்றும் வேலையே இல்லாத புது சூப்பர்ஜூம் கேமரா வாங்குவதா? 'பெரிய சென்சார்தான் மாஸ்' என்று ஒரு குரூப், '83 மடங்கு ஜூம் இருக்கும்போது வேற என்ன வேணும்?' என்று இன்னொரு குரூப். இரண்டு பேர் சொல்வதும் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்க்கலாம்.

இந்தக் கேள்வி இப்போது ஏன்?

கேமரா சந்தையே தலைகீழாக மாறியிருக்கிறது. ஜப்பானின் கேமரா உற்பத்தியாளர் சங்கக் கணக்குப்படி, 2010-ல் உலகம் முழுக்க 12 கோடிக்கும் அதிகமான டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2024-ல் அது சுமார் 85 லட்சம். நடுவில் வந்த ஸ்மார்ட்போன் மிச்சத்தை விழுங்கிவிட்டது.

மிச்சமிருக்கும் சந்தையிலும் டி.எஸ்.எல்.ஆருக்கு இடம் சுருங்கிவிட்டது. கேனானின் 1டிஎக்ஸ் மார்க் 3, நிக்கானின் டி6 இரண்டுமே 2020-ல் வந்தவை. 1டிஎக்ஸ் மார்க் 3-தான் தங்களின் கடைசி உச்ச ரக டி.எஸ்.எல்.ஆர். என்று கேனான் தலைவர் ஃபுஜியோ மிதராய் 2021 டிசம்பரிலேயே சொல்லிவிட்டார். தொழில்முறைக் கலைஞர்கள் மிரர்லெஸ் பக்கம் போகப் போக, அவர்களின் பழைய கேமராக்கள் செகண்ட் ஹேண்ட் கடைகளில் வந்து குவிகின்றன.

இன்னொரு பக்கம், சூப்பர்ஜூம் கேமராக்கள் இன்னும் தாக்குப்பிடிக்கின்றன. போனால் தொட முடியாத ஒரே ஏரியா அது என்பதுதான் காரணம். 2015-ல் நிக்கான் பி900 வந்தபோது, நிலவின் பள்ளங்களை வீட்டு மாடியிலிருந்தே எடுத்த வீடியோக்கள் வைரலாகின. 2020-ல் அதன் வாரிசாக பி950 வந்தது. 2018-ல் வந்த பி1000 கேமரா, 2025 பிப்ரவரியில் பி1100 என்ற பெயரில் திரும்ப வந்தது. லென்ஸ் அதேதான். பெரிதாகக் கண்ணில் படும் மாற்றம் யு.எஸ்.பி.-சி. சார்ஜிங். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அது கட்டாயம்.

சென்சார் கணக்கு என்ன சொல்கிறது?

உதாரணத்துக்கு இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, 2013-ல் வந்த நிக்கான் டி5300. 24 மெகாபிக்சல் டி.எஸ்.எல்.ஆர். இன்னொன்று, 16 மெகாபிக்சல் சூப்பர்ஜூமான நிக்கான் பி950.

டி5300-ன் சென்சார் 23.5-க்கு 15.6 மி.மீ. பி950-ன் சென்சார் சுமார் 6.2-க்கு 4.6 மி.மீ. பரப்பளவில் 13 மடங்கு வித்தியாசம். மழை பெய்யும்போது முற்றத்தில் அண்டா வைப்பதற்கும் டம்ளர் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரிதான் இது. அண்டாவில் அதிக ஒளி விழும். அதனால் மங்கிய வெளிச்சத்திலும் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் குறைவாக இருக்கும்.

இதை வைத்துத்தான் 'பழைய டி.எஸ்.எல்.ஆர். எப்பவுமே பெட்டர்' என்ற வாதம் வருகிறது. கல்யாண மண்டபத்தில் அது நூற்றுக்கு நூறு சரி. 35 மி.மீ. எஃப்/1.8 போன்ற ஒரு சின்ன லென்ஸைப் போட்டால் போதும். அதே காட்சியை அதே ஷட்டர் வேகத்தில் எடுக்கும்போது, பி950-ஐவிடக் குறைந்தது 30 மடங்கு ஒளியை டி5300 உள்ளே வாங்கும். மணமக்கள் முகம் பளிச், பின்னணி மங்கல் என்ற 'அந்த லுக்' அதில்தான் வரும்.

தமிழ் சினிமாவே இதற்குச் சாட்சி. பாலாஜி சக்திவேல் இயக்கத்தில் 2012-ல் வந்த 'வழக்கு எண் 18/9' படத்தை, கேனான் 7டி என்ற டி.எஸ்.எல்.ஆரில்தான் ஒளிப்பதிவு செய்தார் விஜய் மில்டன். தியேட்டர் திரைக்கே தாங்கிய சென்சார் அது.

அப்போ ஏரிக்கரையில் ஏன் கதை மாறுது?

கரையிலிருந்து 100 மீட்டர் தள்ளி, ஒரு கட்டையின் மேல் 30 செ.மீ. நீளமுள்ள மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

டி5300-ல் பலரும் வைத்திருக்கும் 70-300 மி.மீ. லென்ஸைப் போட்டு முழுக்க ஜூம் செய்தால், கேமராவுக்குள் கிட்டத்தட்ட 7.8 மீட்டர் அகலக் காட்சி தெரியும். அதில் மீன்கொத்தி 30 செ.மீ. மட்டுமே. 6,000 பிக்சல் அகலமுள்ள படத்தில் அந்தப் பறவைக்குக் கிடைப்பது சுமார் 230 பிக்சல்.

பி950-ல் முழு ஜூம் போட்டால் தெரியும் காட்சி 1.7 மீட்டர்தான். 4,608 பிக்சல் அகலமுள்ள படத்தில் மீன்கொத்திக்கு சுமார் 800 பிக்சல் கிடைக்கும்.

'டி.எஸ்.எல்.ஆர். படத்தை அப்புறமா கிராப் பண்ணிக்கலாமே?' என்று கேட்கலாம். பி950 காட்டும் அதே அளவுக்கு கிராப் செய்தால், 24 மெகாபிக்சல் படத்தில் மிஞ்சுவது வெறும் 1.2 மெகாபிக்சல். பெரிய சென்சாருக்குக் காசு கொடுத்துவிட்டு, அதன் ஒரு ஓரத்தை மட்டும் பயன்படுத்துகிறோம் என்று அர்த்தம்.

இதில் இன்னொரு சுவாரஸ்யமும் இருக்கிறது. தூரத்துப் பறவையிடமிருந்து எவ்வளவு ஒளி கேமராவுக்குள் வருகிறது என்பதை முடிவு செய்வது லென்ஸின் திறப்பு. 300 மி.மீ.-ஐ 5.6-ஆல் வகுத்தால் 54 மி.மீ. பி950-ன் உண்மையான குவிய நீளம் 357 மி.மீ. அதை 6.5-ஆல் வகுத்தால் 55 மி.மீ. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே! அதாவது 13 மடங்கு பெரிய சென்சார் என்ற பெருமை, தூரத்துப் பறவை விஷயத்தில் ஏறக்குறைய கரைந்துபோகிறது. அதே ஒளியை பி950 அதிக பிக்சல்களில் பரப்பிக் கொடுக்கிறது. படம் கொஞ்சம் 'சாஃப்ட்' ஆக இருக்கும். ஆனாலும் அலகும் காலும் பிரித்துத் தெரியும்.

சூப்பர்ஜூம் சறுக்கும் இடங்கள்

உட்கார்ந்திருந்த மீன்கொத்தி திடீரென்று பறந்தால் ஆட்டம் மாறிவிடும். டி.எஸ்.எல்.ஆரில் கண்ணாடி வழியாக நேரடியாகப் பார்க்கிறோம், தாமதம் இல்லை. ஃபோகஸுக்குத் தனி சென்சார் இருப்பதால் சட்டென்று பிடிக்கும். பி950 போன்றவை படத்தின் தெளிவை முன்னும் பின்னும் தேடித் தேடி ஃபோகஸ் செய்யும். அதற்குள் பறவை காட்சியைவிட்டே போயிருக்கும்.

அடுத்தது வெளிச்சம். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது அதிகாலையிலும் அந்தியிலும். பறக்கும் பறவையை உறைய வைக்க 1/2000 விநாடி மாதிரி வேகம் வேண்டும். அந்த நேரத்து வெளிச்சத்தில் சின்ன சென்சாரின் ஐ.எஸ்.ஓ.-வை ஏற்றினால் இறகின் நுணுக்கமெல்லாம் குழைந்துவிடும்.

மூன்றாவது வெயில். உச்சி நேரத்தில் நீர்ப்பரப்புக்கு மேல் காற்று அலையடிக்கும். 2,000 மி.மீ.க்கு நிகரான ஜூமில் அந்த அலையும் சேர்ந்தே பெரிதாகும். அந்த நேரத்தில் எவ்வளவு விலையுள்ள கேமராவாக இருந்தாலும் படம் தண்ணீருக்குள் இருந்து எடுத்தது போலத்தான் வரும்.

செகண்ட் ஹேண்டில் என்னென்ன பார்க்கணும்?

பழைய டி.எஸ்.எல்.ஆரின் உண்மையான செலவு லென்ஸில்தான் இருக்கிறது. பறவைப் படத்துக்குப் பிரபலமான நிக்கான் 200-500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸின் திறப்பு 89 மி.மீ. பி950-ஐவிட 2.6 மடங்கு ஒளி. அது கையில் இருந்தால் டி.எஸ்.எல்.ஆர்.தான் தெளிவான வெற்றியாளர். ஆனால் அந்த லென்ஸ் மட்டுமே 2.3 கிலோ. கேமராவின் செகண்ட் ஹேண்ட் விலையைவிட லென்ஸின் விலை பல மடங்கு இருக்கும். பி950 முழுசாகவே சுமார் 1 கிலோதான்.

விலை மலிவு என்பதற்காக ரொம்பப் பழைய மாடலுக்குப் போனால் பொருத்தமும் சிக்கலாகும். 2008-ல் வந்த நிக்கான் டி90, வீடியோ எடுத்த முதல் டி.எஸ்.எல்.ஆர். என்ற பெருமை கொண்டது. ஆனால் மேலே சொன்ன 200-500 லென்ஸின் திறப்பை அதனால் கட்டுப்படுத்த முடியாது. அதன் ஷட்டர் 1 லட்சம் கிளிக் வரை சோதிக்கப்பட்டது. வாங்கும் முன் எத்தனை கிளிக் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். நிக்கானில் படக் கோப்பிலேயே அந்த எண் இருக்கும். கேனானின் பெரும்பாலான மாடல்களில் அப்படி இருக்காது, தனி மென்பொருள் தேவைப்படும்.

லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். ஈரப்பதம் அதிகமுள்ள கடலோர மாவட்டத்தில் பீரோவில் பூட்டி வைத்த லென்ஸுக்கு முதல் எதிரி அதுதான். தூசி பறக்கும் இடத்தில் லென்ஸை மாற்றினால் சென்சாரில் அழுக்குப் படியும். சூப்பர்ஜூமில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதன் லென்ஸுக்குள் தூசி போய்விட்டால் நாமே கழற்றித் துடைக்க முடியாது, சர்வீஸ் சென்டர்தான்.

போனே போதாதா?

ஆல்பத்துக்குப் போதும். அடையாளம் காண யோசிக்க வேண்டும். போன்களின் அதீத ஜூமில் மென்பொருளின் வேலை அதிகம். சாம்சங் போன் எடுக்கும் நிலவுப் படங்கள் பற்றி 2023-ல் சர்ச்சை எழுந்தது. காட்சியில் நிலவு இருப்பதை ஏ.ஐ. கண்டுகொண்டால் நுணுக்கங்களைக் கூட்டும் என்று அந்த நிறுவனமே விளக்கம் கொடுத்தது. நிலவில் அது ரசனை சார்ந்த விஷயம். ஓர் உள்ளானின் கால் நிறத்தையோ அலகு நீளத்தையோ மென்பொருள் மெருகேற்றினால், அது வேறு பறவையாகவே ஆகிவிடலாம்.

அழகான படமா, ஆதாரமா?

வீராணம் வெறும் போட்டோ ஸ்பாட் கிடையாது. சோழர் காலத்தில் வெட்டப்பட்ட இந்த ஏரி, கடலூர் மாவட்டப் பாசனத்துக்கும், 2004 முதல் சென்னையின் குடிநீருக்கும் தண்ணீர் தருகிறது. சேத்தியாத்தோப்பிலிருந்து குழாய் வழியே வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் போகிறது. பக்கத்திலேயே நெய்வேலி சுரங்கங்கள். இப்படி எல்லாப் பக்கமும் தேவை இருக்கும் ஒரு நீர்நிலையில் பறவைகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்பதை வருடக்கணக்கில் சேரும் பதிவுகள்தான் சொல்லும்.

2015 முதல் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். பதிவுகள் 'இ-பேர்ட்' தளத்தில் சேரும். அரிய பறவையைப் பார்த்ததாகப் பதிவிட்டால், சரிபார்ப்பவர்கள் ஆதாரம் கேட்பார்கள். அங்கே ஃப்ரேம் போட்டு மாட்டும் அளவுக்குப் படம் தேவையில்லை. என்ன பறவை என்று சந்தேகமில்லாமல் தெரிந்தால் போதும். 800 பிக்சல் மீன்கொத்திக்கும் 230 பிக்சல் மீன்கொத்திக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் முக்கியமாகிறது.

சரி, எதை வாங்குறது?

வார நாட்களில் வேலை, ஞாயிறுகளில் ஏரிக்கரை, தூரத்துப் பறவைகளை அடையாளம் கண்டு பதிவு செய்வதுதான் நோக்கம் என்றால், சூப்பர்ஜூம். பி1100-ன் 3,000 மி.மீ. ஆசை காட்டும். ஆனால் 1.4 கிலோவைக் கையில் பிடித்து ஆடாமல் எடுக்க முடியுமா என்று கடையிலேயே சோதித்துவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு பி950-ன் 2,000 போதும்.

கல்யாணம், காதுகுத்து, குறும்படம் என்று நாலு காசு பார்க்கும் திட்டம் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு பழைய டி.எஸ்.எல்.ஆர். முதலில் ஒரு எஃப்/1.8 லென்ஸ் போதும். சம்பாதித்த பிறகு தூரத்து லென்ஸ் பற்றி யோசிக்கலாம்.

பறக்கும் பறவைகள்தான் கனவு என்றால், டி.எஸ்.எல்.ஆரோடு 200-500 போன்ற லென்ஸுக்கும் சேர்த்துப் பணம் சேர்க்க வேண்டும். 70-300-ஐ வைத்து ஏரி நடுவே இருக்கும் பறவைகளை எடுக்கலாம் என்ற நம்பிக்கையில் மட்டும் டி.எஸ்.எல்.ஆர். வாங்க வேண்டாம்.

எதுவாக இருந்தாலும், வாங்கும் முன் உங்கள் மெமரி கார்டைப் போட்டு, கடை வாசலிலிருந்து தெருக்கோடியில் இருக்கும் ஒரு பெயர்ப் பலகையை இரண்டு கேமராவிலும் எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் இரண்டையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்குங்கள். எதில் எழுத்தைப் படிக்க முடிகிறதோ, வீராணத்தில் உங்களுக்குப் பறவையைக் காட்டப்போவதும் அதுதான்.