மே 29-ஐ யார் நினைப்பது?

கார்கில் போர் என்றதும் நம் ஆட்களுக்கு டோலோலிங், டைகர் ஹில், விக்ரம் பத்ரா என்று வரிசையாக ஞாபகம் வந்துவிடும். எல்லாம் 1999 ஜூன், ஜூலையில் நடந்தவை, நடுக்கூடத்து டி.வி.யில் ஊரே பார்த்தவை. அதற்கு முன்னால், மே மாதக் கடைசியில், எதிரே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல் மலையேறியவர்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அவர்களில் ஒருவர் மேஜர் மாரியப்பன் சரவணன். 1972 ஆகஸ்ட் 10-ல் ராமேஸ்வரத்தில் பிறந்தவர். கார்கிலின் படாலிக் பகுதியில் 1999 மே 29 அன்று உயிரிழந்தபோது அவருக்கு வயது 26.

தந்தையும் ராணுவ அதிகாரிதான். சென்னை அதிகாரிகள் பயிற்சி மையத்தில் தேறி, 1995-ல் பிகார் ரெஜிமெண்டுக்குப் போனார் சரவணன். பிகார், இன்றைய ஜார்க்கண்ட், ஒடிசா பக்கத்துப் பிள்ளைகள் நிறைந்த படை அது. ஆதிவாசி இளைஞர்கள் ஏராளம். அவர்களுடைய போர் முழக்கங்களில் ஒன்று ஆதிவாசித் தலைவர் பிர்சா முண்டாவுக்கு ஜே போடுவது. தென்கோடித் தீவில் பிறந்த ஒருவர் அந்த முழக்கம் போடுகிற பிள்ளைகளுக்குத் தலைவராக நின்றார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

மே முதல் வாரத்தில் படாலிக் பக்கத்து கார்கோன் கிராமத்தில் ஆடு மாடு மேய்ப்பவர்கள்தான், மலைமேல் அந்நியர் நடமாட்டம் இருப்பதை முதலில் பார்த்துச் சொன்னார்கள். யாரோ கொஞ்சம் தீவிரவாதிகள், சில நாட்களில் விரட்டிவிடலாம் என்றுதான் ராணுவ மேலிடத்தில் இருந்தவர்கள் முதலில் நினைத்தார்கள். உண்மையில் உச்சிகளில் உட்கார்ந்திருந்தது பாகிஸ்தானின் வடக்கு இலகு காலாட்படை. கல்லடுக்கிச் சுவர் எழுப்பி, பதுங்குகுழி அமைத்து, இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்தி, சரிவைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

அந்த இயந்திரத் துப்பாக்கி என்ன செய்யும் என்பதை எனக்கு விளக்கியவர் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர். “தம்பி, அது விடாம சுடாது. நாலு ரவுண்டு, அஞ்சு ரவுண்டுன்னு விட்டு விட்டுத்தான் சுடும். விடாம சுட்டா பேரல் பழுத்துப்போகும். பெல்ட் தீர்ந்து மாத்துறான் பாருங்க, அந்த நேரம்தான் நாம எழுந்து நாலு எட்டு வைக்க முடியும்” என்றார். “அப்ப அந்த நேரத்துல ஏறிரலாமாண்ணே?” என்று கேட்டேன். “அவன் என்ன முட்டாளா? ரெண்டு துப்பாக்கியப் பக்கவாட்டுல வச்சிருப்பான். ஒண்ணு நிக்கும்போது இன்னொண்ணு சுடும். ரெண்டு குண்டும் குறுக்க வெட்டுற எடத்துல எவனும் நிக்க முடியாது” என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

சரவணனுக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு படாலிக்கின் ஜூபார் மலைப் பக்கத்து 4268 என்ற முனை. எண்ணே அதன் உயரம், மீட்டரில். நம் மலைகளை வைத்துப் பார்த்தால், தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் ஏறியவர்களுக்கு மூச்சு வாங்குவது எப்படி என்று தெரியும். அங்கே ஒதுங்க மரமாவது உண்டு. படாலிக் சரிவில் ஒரு செடி கிடையாது. வெறும் கல், மண், பனி. காற்றில் கிடைக்கும் பிராணவாயு நம் ஊரில் கிடைப்பதில் பாதிக்குச் சற்று மேல். அந்த மூச்சை வைத்துக்கொண்டு துப்பாக்கியும் தோட்டாவும் சுமந்து, இருட்டில், சத்தமில்லாமல் ஏற வேண்டும்.

மே 28 இரவு கிளம்பினார்கள். விடியற்காலையில் மேலே நெருங்கியதும் குண்டுமழை. சரவணன் ராக்கெட் லாஞ்சரைத் தோளில் தூக்கி எதிரியின் பதுங்குகுழியை நோக்கிச் சுட்டதில் உள்ளே இருவர் இறந்தார்கள். ராக்கெட் லாஞ்சரால் சுடுகிறவர் தலையையும் தோளையும் மறைவுக்கு வெளியே கொண்டுவந்தாக வேண்டும்; சுட்டதும் பின்பக்கம் கிளம்பும் நெருப்பும் புகையும் அவர் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓர் அதிகாரி அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டார் என்றால் நிலைமை எவ்வளவு நெருக்கடியாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். வயிற்றில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. பின்வாங்கச் சொல்லி வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தும் அவர் திரும்பவில்லை என்று சொல்வார்கள். காயத்தோடு முன்னேறி இன்னும் இருவரை வீழ்த்தினார். தலையில் பாய்ந்த குண்டு அவர் உயிரைப் பறித்தது. அதே தாக்குதலில் நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் உயிரிழந்தார். இருவருக்கும் மறைவுக்குப் பின் வீர் சக்ரா வழங்கப்பட்டது.

அன்று அந்த உச்சி கைக்கு வரவில்லை. சரவணனின் உடலும் வரவில்லை. எதிரியின் துப்பாக்கிகளுக்கு நேர் எதிரே, பனியில், ஒரு மாதத்துக்கும் மேல் கிடந்தது. மகன் இறந்துவிட்டான் என்று தெரிந்த பிறகும் உடல் எப்போது வரும் என்று தெரியாமல் ஒரு தாய் அத்தனை நாளும் காத்திருந்தார். ஜூலை முதல் வாரத்தில்தான் ஜூபார் நம் வசமானது. உடலும் அப்போதுதான் மீண்டது.

இடைப்பட்ட நாட்களில் ராணுவம் பாடம் கற்றிருந்தது. டோலோலிங்குக்கும் டைகர் ஹில்லுக்கும் வீரர்கள் ஏறும் முன் நூற்றுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் அந்த உச்சிகளை அடித்து நொறுக்கின. அதுவரை ஊழல் புகாரில் அடிபட்ட போஃபர்ஸ் பீரங்கியின் பெயர் அப்போதுதான் வீட்டுக்கு வீடு நல்ல விதமாகப் புழங்கியது. மே 29-ல் ஏறியவர்களுக்கு அப்படிப்பட்ட துணை கிடைக்கவில்லை. எதிரி யார், எத்தனை பேர், என்னென்ன ஆயுதம் என்பதைச் சரவணன் போன்றவர்கள் மோதித்தான் நாடு தெரிந்துகொண்டது. பின்னால் கிடைத்த வெற்றிகளில் அவர்களுக்குச் சரிபாதிப் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

போர் முடிந்ததும், கோட்டை விட்டது எங்கே என்று ஆராய மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அதன் தலைவர் கே. சுப்பிரமணியம், 1929-ல் திருச்சியில் பிறந்தவர். ஊடுருவல் நம் அரசுக்கும் ராணுவத்துக்கும் உளவு அமைப்புகளுக்கும் முழுக்க முழுக்க எதிர்பாராத அதிர்ச்சி என்று அந்தக் குழு எழுதியது. அந்த ஒரு வாக்கியத்துக்கு நாடு கொடுத்த விலை 527 உயிர்கள். சுப்பிரமணியம் பிறந்த அதே திருச்சியில்தான் சரவணனுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

கார்கில் வெற்றி தினம் ஜூலை 26. பள்ளிக்கூட நாள், மாலை போடவும் பேச்சுப்போட்டி நடத்தவும் வசதி. மே 29 கோடை விடுமுறையில் வந்துவிடுகிறது. பிள்ளைகள் வைகை அணையில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அன்று யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆண்டிபட்டி, தேனி, கம்பம் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஜூலை 26 அன்று டைகர் ஹில் கதையைத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் ஜூபாரைப் பற்றிப் பேசுங்கள். சரவணனின் பெயரையும் கணேஷ் பிரசாத் யாதவின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.