திருடனைப் பிடியுங்கள், ரோட்டை மூடாதீர்கள்!



ஓமலூரிலிருந்து ராசிபுரம் வரை நம்ம பிள்ளைங்க சொல்ற குறை ஒன்னு இருக்கு. "ஸ்பீடு டெஸ்ட் போட்டா நூறு காட்டுது. யூடியூப் நிக்காம ஓடுது. டாரண்ட் போட்டா மட்டும் கட்டை வண்டி மாதிரி நகருது. போன் பண்ணிக் கேட்டா, அப்படியெல்லாம் ஒன்னும் இல்லீங்கன்னு வச்சுடறாங்க."

மாசம் பிறந்தா பில் மட்டும் தவறாம வருது. எதுக்கு வேகம் தர்றோம், எதைப் பிடிச்சு வைக்கிறோம்னு சொல்லத்தான் ஆளில்லை.

"டாரண்ட்னாலே திருட்டுப் படம்தானே, இதுக்கெல்லாம் கட்சிப் பக்கத்தில் தலையங்கமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போவோம்.

டாரண்ட் என்பது ஒரு பொருள் இல்லை, ஒரு வழி. பெரிய கோப்பு ஒன்றைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, வாங்குகிறவர்களே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் முறை. நம்ம ஊர் மொய் மாதிரி. பத்துப் பேர் சேர்ந்து செய்தால் யாருக்கும் பாரம் தெரியாது. ஒரே சர்வரின் தலையில் மொத்தச் சுமையும் விழாது. பாதியில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வந்த துண்டு சரியானதா, கெட்டதா என்று கணினியே சரிபார்த்துக்கொள்ளும்.

இந்த வழியில்தான் உபுண்டு வருகிறது, லிப்ரே ஆபீஸ் வருகிறது. இணையம் இல்லாத இடத்திலும் விக்கிப்பீடியா படிக்க உதவும் கிவிக்ஸ் கோப்புகள் வருகின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவின் பழைய நூல்கள் வருகின்றன. எல்லாமே சட்டப்படி இலவசம். காசு கொடுத்து சாப்ட்வேர் வாங்க வழியில்லாத ஒரு பாலிடெக்னிக் மாணவனுக்கு இது படிப்பு. அந்த வழியை இரவோடு இரவாகக் குறுக்கினால் நஷ்டம் யாருக்கு?

திருட்டுப் படத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த ஊர் சேலம். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' (1938), தமிழின் முதல் கலர் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இரண்டும் அந்த நிறுவனத்தின் படைப்புகள். ஒரு படத்துக்குப் பின்னால் லைட்மேன் முதல் தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர் வரை எத்தனை வயிறு இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா? திருடியவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். அதைப் பயன்படுத்துங்கள். யாரும் குறுக்கே நிற்கப் போவதில்லை.

திருடனைத் தேடுகிறோம் என்று ஊர் ரோட்டையே மூடினால் என்ன ஆகும் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். நடந்தது நம் தமிழ்நாட்டில்தான்.

2012-ல் '3' என்ற தமிழ்ப் படத்துக்கும், 'தம்மு' என்ற தெலுங்குப் படத்துக்கும் திருட்டுப் பிரதி வராமல் தடுக்க, சென்னையைச் சேர்ந்த காப்பிரைட் லேப்ஸ் நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பெயர் தெரியாதவர்கள் மீதும் பொருந்துகிற மாதிரி ஒரு தடை உத்தரவு கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மே மாதம் இணைய நிறுவனங்கள் என்ன செய்தன? படம் இருக்கும் பக்கத்தை மட்டும் தடுக்கவில்லை. பைரேட் பே, விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் என்று முழுத் தளங்களுக்கே பூட்டு! விமியோவில் தன் சொந்தக் குறும்படத்தைப் போட்ட பையனுக்கும் பூட்டு. பேஸ்ட்பின்னில் புரோகிராம் எழுதி வைத்த பொண்ணுக்கும் பூட்டு. தளத்தைத் திறந்தால் நீதிமன்ற உத்தரவுப்படி தடுக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி. எந்த உத்தரவு, எந்தக் கோப்புக்காக, எத்தனை நாளுக்கு? எதுவும் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த '3' படத்தின் 'கொலவெறி' பாட்டு 2011 நவம்பரில் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்ததே, எப்படி? ஒருத்தர் இன்னொருத்தருக்கு இணையத்தில் அனுப்பி அனுப்பித்தான். படத்துக்கு விளம்பரம் தேடித் தந்த அதே இணையத்தின் கதவைத்தான் ஆறு மாதம் கழித்துச் சாத்தினார்கள்.

மக்களுக்குக் கோபம் வந்தது. அனானிமஸ் என்ற பெயரில் சிலர் அரசியல் கட்சி, நீதிமன்ற இணையதளங்களையே முடக்கினார்கள். அது தப்பு, அதை நாம் ஏற்க முடியாது. ஜூன் 9 அன்று மும்பை உள்ளிட்ட நகரங்களில் இளைஞர்கள் முகமூடி போட்டுத் தெருவில் நின்று அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இன்னொரு பக்கம் இணைய நிறுவனங்களின் கூட்டமைப்பே நீதிமன்றத்தில் விளக்கம் கேட்டது. ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டும் தடுக்க வேண்டும், முழுத் தளத்தையும் தடுக்கக் கூடாது. பூட்டு திறந்தது.

ஆக, உத்தரவை அதன் அளவுக்கு மீறி நீட்டியதுதான் வினையானது. நீட்டியதால் சினிமாவுக்கு லாபமாவது உண்டா? 2016-ல் 'கபாலி' வெளியாகும் முன்பு 200-க்கும் மேற்பட்ட தளங்களைத் தடுக்க உத்தரவு வந்தது. அப்படியும் படம் வெளியாகும் முன்பே சில காட்சிகள் கசிந்தன.

தளத்தைப் பூட்டினால் கண்ணுக்குத் தெரியும். வேகத்தைப் பிடித்து வைத்தால் தெரியாது. அதுதான் இதைவிட மோசம். அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் இதைத்தான் செய்தது. கோப்பைப் பகிரும் இரண்டு கணினிகளுக்கு நடுவே புகுந்து, ஒன்று இன்னொன்றிடம் 'இணைப்பைத் துண்டித்துக்கொள்' என்று சொல்வது போலப் பொய்யான செய்தி அனுப்பியது. காப்புரிமை முடிந்த பழைய பாடல்களைப் பகிர்ந்துகொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர்தான் முதலில் கண்டுபிடித்தார். 2007 அக்டோபரில் ஏபி செய்தி நிறுவனம் பைபிள் கோப்பையே அனுப்பிச் சோதித்து அதை உறுதி செய்தது. 2008 ஆகஸ்டில் அந்த நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் நிறுத்தச் சொன்னது. ஆனால் 2010-ல் நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று உத்தரவை ரத்து செய்துவிட்டது. விதி உறுதியாக இல்லாவிட்டால் வெற்றியும் கையில் நிற்காது.

நம் நாட்டில் விதி இருக்கிறது, தோழர்களே. அதுவும் சும்மா வந்ததில்லை. 2015-ல் டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போய்க் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று, ஒரு தளத்துக்கு ஒரு விலை, இன்னொரு தளத்துக்கு வேறு விலை என்ற கட்டண முறைக்குத் தடை வந்தது. 2018-ல் இணையச் சமத்துவம் உரிம நிபந்தனைக்குள்ளேயே வந்துவிட்டது. எந்த உள்ளடக்கத்தையும் பாகுபாடு காட்டித் தடுக்கவோ, வேகம் குறைக்கவோ கூடாது. நெரிசலைச் சமாளிக்க நியாயமான ஏற்பாடு செய்யலாம். சட்டப்படி வந்த உத்தரவை நிறைவேற்றலாம். இப்படிச் சில விலக்குகள் உண்டு.

நிறுவனங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு தெருவுக்கு வரும் திறனைப் பல வீடுகள் பங்கு போடுகின்றன. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எல்லோரும் உட்கார்ந்தால் நெரிசல் வரத்தான் செய்யும். அப்போது எல்லோருக்கும் கொஞ்சம் குறைத்தால் அது நிர்வாகம். அதைச் சொல்லிவிட்டுச் செய்தால் நேர்மை. ஆளே இல்லாத காலை ஐந்து மணிக்கும் டாரண்டை மட்டும் பிடித்து வைத்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்றால் அதற்கு என்ன பேர்? தறி ஓட்டுகிறவரும் லாரி ஓட்டுகிறவரும் கட்டும் காசில்தான் அந்தக் கம்பி ஓடுகிறது.

இப்போது நாம் என்ன செய்வது?

👉 முதலில், உள்ளூர் கேபிள்காரரிடம் சண்டைக்குப் போகாதீங்க. மழையில் கம்பம் ஏறி லைன் சரி பண்றவர் அவர். கட்டுப்பாடு போடுறது பெரும்பாலும் மேலே இருக்கிற நிறுவனம்.

👉 ஆதாரம் சேர்த்துக்கோங்க. உபுண்டு மாதிரி சட்டப்படியான ஒரே கோப்பை நேரடியாகவும் டாரண்டிலும் இறக்கிப் பாருங்க. காலையில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை. மூன்று நாள் வேகத்தைக் குறிச்சு வைங்க. கொடுக்கிறவர்கள் குறைவாக இருந்தாலும் டாரண்ட் மெதுவாகத்தான் வரும். அதனால் நிறையப் பேர் பகிரும் கோப்பை எடுத்துக்கோங்க.

👉 புகார் சொன்னால் புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீங்க. பதில் சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்க. அதற்குக் கட்டணம் இல்லை.

👉 அங்கேயும் நியாயம் இல்லையா? சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புக் குறைகளையும் நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

👉 திருட்டுப் படத்தை இறக்கிவிட்டு உரிமை பேசாதீங்க. நம்ம வாதத்தை நாமே கெடுத்த மாதிரி ஆகிடும்.

நம் கோரிக்கை மூன்றுதான். எந்த நேரத்தில், எதன் வேகத்தை, எவ்வளவு குறைக்கிறோம் என்று ஒவ்வொரு நிறுவனமும் தமிழில், பில்லிலேயே அச்சிட வேண்டும். தடுக்கப்பட்ட ஒவ்வொரு பக்கத்திலும் உத்தரவின் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். இணையச் சமத்துவ விதி மீறப்படுகிறதா என்பதை ஒன்றிய அரசு தானாகச் சோதித்து, முடிவை வெளியிட வேண்டும்.

சேலம், நாமக்கல் மாவட்ட அணித் தோழர்கள் தங்கள் பகுதியில் புகார் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். ஒரு ஆள் கத்தினால் அது கால் சென்டரோடு முடிந்துவிடும். ஒரு தெருவே புகார் எண்ணோடு வந்து நின்றால் எந்த நிறுவனமும் பதில் சொல்லித்தான் ஆகணும்.

பத்து லட்சம் பேர் எழுதி வாங்கிய விதி இது. அதைக் காகிதத்தில் தூங்க விடக் கூடாது. எழுதுவோம், கேட்போம், வாங்குவோம்!

#ரோட்டை_மூடாதே
#இணையம்_எல்லோருக்கும்