விண்மீனும் விரால்மீனும்!

மூச்சுக்குத் திண்டாடும் குழந்தையின் வாயிலே, உயிருள்ள மீனைத் திணிக்கிறார்கள், தோழர்களே! கட்டுக்கதை அல்ல, பாட்டன் காலத்துப் பழங்கதையும் அல்ல. 2024 ஜூன் திங்களில் ஐதராபாத் நகரின் நாம்பள்ளிக் கண்காட்சித் திடலில் நாடே கண்ட காட்சி!

சிறிய விரால் குஞ்சு. அதன் வாயிலே மஞ்சள் நிறப் பசை. குழந்தை கதறுகிறது, தாய் கையைப் பிடிக்கிறாள், தந்தை தலையைப் பிடிக்கிறார், மீன் துடிக்கத் துடிக்கத் தொண்டைக்குள் இறங்குகிறது. பசையிலே என்ன கலந்திருக்கிறது? சொல்லமாட்டார்களாம்! 1845இல் ஒரு துறவி தந்த மறைபொருளாம். வெளியிட்டால் ஆற்றல் போய்விடுமாம்! வானத்து மிருகசீரிட மீனுக்கும், வாயிலே திணிக்கும் விரால் மீனுக்கும், குழந்தையின் நுரையீரலுக்கும் என்ன உறவு? கேட்டால், நம்பிக்கை என்கிறார்கள். காசு வாங்காமல் தருகிறார்களே என்கிறார்கள். மெய்தான், மருந்துக்குக் காசில்லை. ஆனால் ஆட்சிக்கு அங்கென்ன வேலை? மீன்வளத்துறை மீன் கொண்டுவருவதும், காவல்துறை வரிசை வகுப்பதும் எதற்காக? அரசு முத்திரை பெற்ற மருந்து என்று ஏழைத் தாய் எண்ணமாட்டாளா?

ஐதராபாத்தை ஏசிவிட்டு நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள வேண்டாம்! நம் தெருவிலே என்ன பேசுகிறார்கள்? "பம்பு வைத்தால் பழகிவிடும்", "பெண் பிள்ளையாயிற்றே, நாளை கல்யாணத்துக்கு இடைஞ்சல்", "மாத்திரையே போதும்!" படித்தவர் வீட்டிலும் இதே பாட்டுதான்.

மாத்திரை போதுமா? கணக்கைப் பாருங்கள். இழுப்பின்போது இன்ஹேலரில் ஒரு முறை இழுத்தால் உள்ளே போகும் சால்பூட்டமால் 100 மைக்ரோகிராம். மாத்திரையிலோ 4 மில்லிகிராம்; நாற்பது மடங்கு! அது வயிற்றுக்குள் போய், குருதியிலே கலந்து, கையை நடுங்கவைத்து, நெஞ்சைப் படபடக்கவைத்து, ஊரெல்லாம் சுற்றிய பிறகே மூச்சுக்குழலுக்கு வருகிறது. வாயிற்கதவு திறந்திருக்கக் கொல்லைப்புறச் சுவரேறுவானேன்?

அந்த மருந்தும் அப்போதைய இறுக்கத்தைத்தான் தளர்த்தும். நோயின் வேர் மூச்சுக்குழலின் உட்சுவரிலே உள்ள அழற்சி. இழுப்பு அடங்கிய நாளிலும் அது அடங்குவதில்லை. ஆகவேதான் அடிக்கடி இழுப்பு வரும் குழந்தைக்கு, மூச்சோடு இழுக்கும் ஸ்டீராய்டு மருந்தை மருத்துவர் நாள்தோறும் தரச்சொல்கிறார். ஸ்டீராய்டா என்று அலறுகிறார்கள்! பக்க விளைவே இல்லையென்று நான் பசப்பமாட்டேன். பல்லாண்டு ஆய்ந்து 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு: வளர்ந்தபின் உயரக் குறைவு சராசரி 1.2 சென்டிமீட்டர். ஒரு விரற்கடைக்கும் குறைவு! அதற்கஞ்சி மருந்தை ஒளித்துவைத்து, இரவெல்லாம் பிள்ளையை உட்காரவைத்தே உறங்கச் செய்கிறோம். பெயரில்லாப் பொட்டலப் பொடியை மட்டும் நம்பி வாங்குகிறோம். அத்தகைய பொடிகள் சிலவற்றிலே ஸ்டீராய்டே கலந்திருந்ததைச் சோதனைக்கூடங்கள் கண்டிருக்கின்றன!

2019இல் மட்டும் உலகெங்கும் ஆஸ்துமாவுக்குப் பலியானோர் ஏறத்தாழ 4 இலட்சத்து 55 ஆயிரம் பேர் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். புடசோனைடும் சால்பூட்டமாலும் அதன் இன்றியமையா மருந்துப் பட்டியலிலே இருக்கின்றன. பட்டியலிலே இருந்து பயன்? நம்மூர் ஆரம்பச் சுகாதார நிலையத்து அலமாரியிலே இருக்கவேண்டும்!

வரும் வாரம் அங்கே செல்லுங்கள், தோழர்களே. இரண்டு இன்ஹேலர்களும் இருக்கின்றனவா? சிறு குழந்தைக்கு முகமூடியோடு கூடிய ஸ்பேசர் குழல் இருக்கிறதா? இழுக்கும் முறையையும், பிறகு வாய் கொப்பளிக்கவேண்டும் என்பதையும் தாய்க்குச் சொல்லித்தர ஆள் உண்டா? இல்லையெனில் கையெழுத்துத் திரட்டிச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள்.