80 சதவீத மந்திரமும் படுத்துக்கிட்ட சர்வரும்

மக்கா, சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வர்றேன். "மைஎஸ்க்யூஎல் வேகமா ஓடணுமா? இன்னோடிபி பஃபர் பூலை ரேம்ல 80 சதவீதம் வைங்க"ன்னு ஒரே வரியில பதிவு போடுறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க.

மேனுவல்லயே அப்படித்தான் இருக்குன்னு சண்டைக்கு வராதீங்க. இருக்கு. ஆனா டேட்டாபேஸுக்குன்னே தனியா ஒதுக்கின மெஷினுக்கு, அதுவும் அதிகபட்சமா! அந்தப் பாதி வாக்கியத்தை எங்க சாமி விட்டீங்க?

விழுப்புரத்துல ஒரு ஆபீஸ். 4 ஜிபி ரேம், ஒரே லினக்ஸ் மெஷின். அப்பாச்சி, பிஎச்பி, டேட்டாபேஸ் எல்லாம் அதுலதான். அங்க வேலை பார்த்த தம்பி இந்த மாதிரி பதிவு ஒண்ணைப் படிச்சுட்டு பூலை 3.2 ஜிபி ஆக்கிட்டார். சார்ட் பஃபர், ஜாயின் பஃபர் தலா 4 எம்பி. காலையில கூட்டம் ஏற ஏற சர்வர் படுத்துச்சு, தானா எழுந்துச்சு, மறுபடி படுத்துச்சு. திண்டிவனம் கிளையில பில் போட முடியாம ஜனங்க வரிசையில நிக்கிறாங்க. பழி நெட்வொர்க் மேல!

கணக்கைப் பாருங்க. பூல், சொன்ன அளவைவிட சுமார் 10 சதவீதம் கூடவே எடுக்கும். அதுவே 3.5 ஜிபி. சார்ட், ஜாயின் பஃபர் எல்லாம் சர்வருக்கு மொத்தமா ஒண்ணு இல்ல. தேவைப்படும்போது ஒவ்வொரு கனெக்‌ஷனும் தனித்தனியா எடுக்கும். 100 பேர் ஒரே நேரத்துல கேட்டா 800 எம்பி. அப்புறம் அப்பாச்சி எங்க உக்காரும்? கெர்னலோட ஓஓஎம் கில்லர் வந்து, இருக்கறதுலயே பெரிய ப்ராசஸைப் போட்டுத் தள்ளிடும். சிக்னல் 9ங்கறதால மைஎஸ்க்யூஎல் எரர் லாக்ல செத்த காரணம் இருக்காது. கெர்னல் லாக்லதான் 'அவுட் ஆஃப் மெமரி'ன்னு சாட்சி கிடக்கும். அதைப் பார்க்கணும்னு எந்த டிப்ஸ் பதிவாவது சொல்லுதா?

2018ல வந்த மைஎஸ்க்யூஎல் 8.0ல, தனி மெஷினுக்குன்னே தானா அளவு போடற ஒரு ஆப்ஷன் இருக்கு. 4 ஜிபி ரேம் வரைக்கும் அதுவே பாதியைத்தான் எடுக்கும். செஞ்சவங்களே பாதியோட நிக்கிறாங்க, நீங்க 80ங்கறீங்க!

பூலை 1.5 ஜிபிக்கு இறக்கி, மத்த பஃபரை பழையபடி 256 கேபி ஆக்கினதும் சர்வர் அடங்குச்சு. தம்பிமேல எனக்குக் கோபமே இல்ல. எழுதினவங்கமேலதான்.

இனிமே நம்பர் சொன்னா, எவ்வளவு ரேம், கூட என்னென்ன ஓடுது, எத்தனை கனெக்‌ஷன்னு மூணையும் சேர்த்து எழுதுங்க. முடியலையா, மொக்கையே போடுங்க. அதனால யாரோட சர்வரும் சாகாது.