விழா நடத்துங்கள், கணக்கையும் காட்டுங்கள்!

கோவில்பதாகையில் இருந்து ஆவடி ஸ்டேஷனுக்கு ஓடி, மின்சார ரயிலைப் பிடித்து காலேஜ் போகும் பிள்ளைகள் ஏராளம். அவர்கள் கட்டும் பீசில் மாணவர் மன்றத்துக்கும் ஒரு பங்கு பல கல்லூரிகளில் போகிறது. பெற்றவர்கள் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிக் கொடுத்த காசு!

அந்தக் காசில் விழா நடக்கட்டும். வெளியில் இருந்து பேச்சாளர் வரட்டும். தப்பில்லை. படிக்கிற பிள்ளைகள் காதில் நாலு நல்ல விஷயம் விழ வேண்டும். ஆனால் பந்தலுக்கு எவ்வளவு? மைக் செட்டுக்கு எவ்வளவு? பேச்சாளர் வந்து போன காருக்கு எவ்வளவு? காசு கொடுத்த மாணவன் கேட்டால், "உனக்கு எதுக்குப்பா அது?" என்பதா பதில்?

லிங்டோ கமிட்டியின் சிபாரிசுகளை அமல்படுத்தும்படி 2006 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அதன்படி, மாணவர் தேர்தலில் ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. முடிவு வந்த 2 வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைக் கொடுக்க வேண்டும். அதை 2 நாளில் எல்லா மாணவரும் பார்க்கும்படி கல்லூரி வெளியிட வேண்டும்.

ஓட்டுக்குச் செலவழிக்கும் 5,000 ரூபாய்க்கே இத்தனை கணக்கு! பிள்ளைகள் காசில் நடக்கும் விழாவுக்கு மட்டும் கணக்கு வேண்டாமா? விழா முடிந்த மறுவாரமே வரவு-செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?