கரையில் தொடங்கும் பாடம்

புதுக்கோட்டை மாவட்டக் கடலோர ஊரான கோட்டைப்பட்டினத்தில் பள்ளிக்கூடம் வரும் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது என்று அதற்குத் தெரியும். காற்று மாறினால் வீட்டில் பேச்சு மாறுவதும் தெரியும். நண்டையும் இறாலையும் கூறு போட்டு ஏலம் விடும்போது விலை ஏறும் வேகத்துக்கு மனக்கணக்குப் போடவும் பழகியிருக்கும். இந்த அறிவுக்கு வகுப்பறையில் இடம் உண்டா? குழந்தை மையக் கல்வியின் முதல் கேள்வி இதுதான். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழகம் இதற்கு விட்டு விட்டுப் பதில் சொல்லி வந்திருக்கிறது.

1789இல் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதைத் தன் இல்லத்தில் செய்து பார்த்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையையும் வளர்த்தெடுத்தார். 1797இல் அவர் லண்டனில் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஆனால் குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளை அடக்கி உட்கார வைக்கும் உத்தியாகவே அங்கே அது பெரிதும் பயன்பட்டது. இங்கும் திண்ணைப் பள்ளியில் மணலெழுத்தோடு பிரம்படியும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனையும் இருந்தன. முறை நல்லதாக இருந்தாலும் பயம் குடியிருக்கும் இடத்தில் குழந்தை மலர்வதில்லை.

1939 நவம்பரில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறு வந்து இறங்கினார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு அவருடைய மகனைக் காவலில் வைத்தது; அவரையும் பிரம்மஞான சபை வளாகத்தை விட்டு வெளியேறாதபடி கட்டுப்படுத்தியது. கட்டுப்பாடு தளர்ந்த பிறகு அவர் கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கினார். பிறந்ததிலிருந்தே குழந்தை சுற்றியிருப்பதைத் தானே உள்வாங்கி வளர்கிறது என்ற அவரது கருத்து முழு வடிவம் பெற்ற நூல், 1949இல் அடையாறில்தான் அச்சானது. அவர் பெயர் தாங்கிய பள்ளிகள் இன்று பெரும்பாலும் கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கே வாய்க்கின்றன. ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில், கூலி வேலைக்குப் போவோரின் பிள்ளைகளுக்காக 1907இல் அவர் தொடங்கிய பணி அது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

பிள்ளை வெளியிலிருந்து கொண்டுவரும் அறிவுக்குத் தொலைதூரச் சான்று ஒன்றும் உண்டு. பிரேசிலின் ரெசிஃபே கடலோர நகரம். அங்கே தெருவில் தேங்காயும் தின்பண்டமும் விற்கும் சிறுவர்கள் போடும் கணக்கைப் பற்றிய ஆய்வு ஒன்று 1985இல் வெளியானது. வாடிக்கையாளர்போல வந்தவர்கள் கேட்டபோது அவர்கள் சொன்ன விடைகளில் 98 விழுக்காடு சரி. அதே கணக்குகளைச் சந்தையின் சுவடே இல்லாமல் வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரி. பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று எழுதிவிடுமுன் ஆசிரியர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய எண்கள் இவை.

ஆனால், பிள்ளையின் உலகத்திலிருந்து தொடங்குவது என்பது பிள்ளையை அந்த உலகத்திலேயே கட்டிப்போடுவது ஆகாது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம், மீதி நேரத்தில் வீட்டுத் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று தமிழகம் அதை எதிர்த்தது. அடுத்த ஆண்டு காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. மீனவர் வீட்டுப் பிள்ளை கடலை வைத்துக் கணக்குப் படிக்கட்டும். அதன்பின் கடலுக்குப் போவதா, ஆய்வுக்கூடத்துக்குப் போவதா, நீதிமன்றத்துக்குப் போவதா என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

பிள்ளையிடமிருந்து தொடங்குவது, முடிவைப் பிள்ளையிடம் விடுவது என்ற இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ய முயன்றது செயல்வழிக் கற்றல். ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. ஆசிரியர் தரையில் உட்கார்ந்தார். பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை வந்தது. வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிடக் கம்பிப் பந்தல் கட்டினார்கள். தன் வருகையைப் பிள்ளையே பதிந்தது. பாடப் படிகளைக் காட்டும் கற்றல் ஏணியில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, அடுத்த பாட அட்டையைத் தானே எடுத்துக்கொண்டது. சில அட்டைகளுக்கு ஆசிரியர் துணை, சிலவற்றுக்குச் சக மாணவர் துணை, சிலவற்றைத் தானே முடிக்க வேண்டும். நான்கு நாள் பள்ளிக்கு வராத பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். கடலை நம்பி நாள் நகரும் ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

அந்த முறை ஏன் நிலைக்கவில்லை? 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஐந்து வகுப்பை இருவர் பார்க்கும் ஈராசிரியர் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையின் ஏணியையும் கவனிப்பது எளிதல்ல. புத்தகமும் வீட்டுப்பாடமும் இல்லாததைக் கண்டு பெற்றோர் கலங்கினார்கள். அவர்களுக்கு எடுத்துச் சொல்லப் போதிய முயற்சி நடக்கவில்லை. பிறகு முறை எளிமையாக்கப்பட்டது. கொரோனா கால இழப்பை ஈடுகட்ட 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என நிலை பார்த்துக் கற்பிக்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் பதிவேடும் தேர்வும் பெருகப் பெருக, பிள்ளையோடு உட்கார ஆசிரியருக்கு நேரம் குறைகிறது.

வாழ்க்கையிலிருந்து பாடத்தைத் தொடங்குவது புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் புதிய பாதை இல்லை. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கம் கல்குவாரிப் பெண்களின் கூலியையும் உரிமையையும் பாடத்தோடு சேர்த்தது. எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் சைக்கிளில் ஏறிச் சாலைக்கு வந்தார்கள். பெரியவர்களுக்குச் செய்ய முடிந்ததை அதே மண்ணின் பிள்ளைகளுக்குச் செய்ய முடியாதா?

திட்டத்தின் பெயர் மாறட்டும். மாறக் கூடாதவை சில உண்டு. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். பிள்ளையின் வேகத்தை மதிக்க வேண்டும். அடியும் ஏளனமும் இல்லாத வகுப்பறை வேண்டும். அதைக் கல்வி உரிமைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோருக்கும், பாதி இடம் பெண்களுக்கும் என்று அதே சட்டம் சொல்கிறது. கோட்டைப்பட்டினத்துத் தாய்மார்களே, அந்த இடத்தில் போய் உட்காருங்கள். மதிப்பெண்ணைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் எங்கே என்று கேளுங்கள்.